எங்கள் ஊர்ப் பதினொரு பேர்

கல்யாணம் ஆகும்வரை எனக்குக் கிரிக்கெட் தெரியாது. அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். டிவியில் மேட்ச் ஓடினால் எங்கள் பரீட்சை கெட்டுவிடும் என்பது அவருடைய பயம். நான் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேர்ந்தேன். வாழ்க்கைப்பட்டது ஆம்பூரில். காலையில் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, டவுன் பஸ் பிடித்துப் போய், ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்துவிட்டு மாலையில் திரும்புவேன்.

என் கணவருக்கு ஒரு ஷூ கம்பெனியில் பிளானிங் செக்‌ஷனில் வேலை. எந்த ஆர்டர் எந்த லைனில் என்றைக்கு ஓட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பைபிளை என் கையில் கொடுத்துவிட்டு நேராகப் பாலாற்றுக்குப் போய்விடுவார். வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் எங்கள் பக்கத்து ஆற்றில் தண்ணீர் இருக்காது. மணலை ஒதுக்கி, மண் கொட்டி, தண்ணீர் தெளித்து அடித்து ஒரு பிட்ச் செய்து வைத்திருந்தார்கள். தோல் பதனிடும் ஷாப், ஷூ கம்பெனி, பஜார் கடைகள் என்று ஆளுக்கொரு டீம். டென்னிஸ் பந்து. அவரும் ஆடுவார். நன்றாக ஆடுவார் என்று சொல்ல மாட்டேன்.

ஊரே போனில் ஃபேன்டஸி கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த காலம் அது. நிஜ மேட்சில் ஆடப்போகிறவர்களிலிருந்து பதினொரு பேரை நாம் பொறுக்கி ஒரு அணி சேர்க்க வேண்டும். அவர்கள் நிஜமாக எடுக்கும் ரன்னுக்கும் விக்கெட்டுக்கும் நமக்குப் பாயிண்ட். யாருக்குப் பாயிண்ட் ஜாஸ்தியோ அவர் ஜெயித்தார். இவரும் கொஞ்ச நாள் ஆடிவிட்டு விட்டுவிட்டார்.

"அந்த ஆட்டக்காரங்க யாருன்னே எனக்குத் தெரியாது. டிவியில பார்க்கறதோட சரி. நம்ம ஆத்துல ஆடறவன்னா, காலையில இன்னா சாப்பிட்டான்னு கூட சொல்லுவேன்" என்றார்.

அப்படித்தான் அந்த வெப்சைட் பிறந்தது. எங்கள் ஆற்று மேட்சுகளுக்கு மட்டும் ஒரு ஃபேன்டஸி. வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு அவரே செய்தார். பழைய போனிலும் திறக்க வேண்டும் என்று பிடிவாதம். ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவரையும் எங்கள் வீட்டு காம்பவுண்ட் சுவரோரம் நிற்க வைத்து நான்தான் படம் எடுத்தேன். காசு கட்டுவது, காசு வாங்குவது எதுவும் கிடையாது. வாரத்தில் முதலில் வருகிறவர் பெயருக்கு மேலே ஒரு கிரீடம் மின்னும், அவ்வளவுதான் பரிசு.

அவர் களத்தில் நிற்கும்போது ஸ்கோரைப் போனில் ஏற்ற ஆள் வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது. எனக்குக் கிரிக்கெட்டே பாயிண்ட் வழியாகத்தான் தெரியும். கேட்ச் பிடித்தால் இவ்வளவு, வைடு போட்டால் இவ்வளவு மைனஸ் என்று கற்றுக்கொண்டேன். எந்தப் பெரிய சைட்டிலும் இல்லாத ஒரு விதி எங்களிடம் இருந்தது. பந்தைக் கருவேல முள்ளுக்குள் அடித்தவருக்கு மைனஸ். சிக்ஸராக இருந்தாலும் சரி. ஏனென்றால் அதற்குப் பிறகு இரண்டு டீமும் குனிந்து பந்து தேட வேண்டும்.

ஆட்டக்காரர்களுக்கு நட்சத்திரம் போட்டிருந்தோம். நல்ல ஆட்டக்காரருக்கு ஜாஸ்தி, சுமாரானவருக்குக் கம்மி. ஒரு விக்கெட் கீப்பர் தன் நட்சத்திரம் குறைந்ததற்காகக் குடும்பத்தோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். "என் மாமியார் பார்த்துட்டாங்க சார்" என்பதுதான் அவருடைய ஒரே வாதம். என் கணவர் யோசித்துப் பார்த்து அரை நட்சத்திரம் ஏற்றினார். காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

முதலில் ஆபீஸ் நண்பர்கள் மட்டும் ஆடினார்கள். பிறகு எப்படிப் பரவியதென்று எங்களுக்கே தெரியவில்லை. புனைபெயரில் ஆடலாம் என்பதால் யார் யார் என்று கண்டுபிடிப்பதும் கஷ்டம். தொடர்ந்து இரண்டு சீசன் 'பச்சை மிளகாய்' என்ற பெயருக்கு மேலேதான் கிரீடம் மின்னியது. யார் அந்தப் பச்சை மிளகாய் என்று ஆற்றங்கரையில் பேசாத ஆளில்லை. அதில் ரொம்பப் பேஜாரானவர் ஒரு வேகப்பந்து வீச்சாளர். தோல் ஷாப்பில் மெஷின் ஓட்டுகிறவர், நல்ல உயரம். யார் யாரை அணியில் எடுத்தார்கள் என்பதை சைட்டில் பார்க்கலாம். பச்சை மிளகாய் அவரை ஒரு வாரம்கூட எடுத்ததில்லை.

"பகை வெச்சிக்கினு பண்றான் சார். யாருன்னு மட்டும் சொல்லுங்க" என்று என் கணவரைக் கேட்டுக்கொண்டே இருப்பார். "எனக்கே தெரியாதுப்பா" என்பார் இவர்.

மூன்றாவது சீசன் பாதியில், காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை என்று செய்தி வந்தது. பெரிய ஃபேன்டஸி ஆப்களெல்லாம் கடையைக் கட்டுகின்றன என்றார்கள். எங்களுக்கு என்ன, நம்மிடம் காசே இல்லையே என்று இருந்தோம். இரண்டாம் நாள் கம்பெனி ஹெச்.ஆரிலிருந்து அவருக்கு போன். நம் கம்பெனி பெயரில் சூதாட்ட சைட் நடக்கிறதாமே, வந்து விளக்கம் சொல்லுங்கள் என்று. சைட்டில் டீம்களுக்குக் கம்பெனிப் பெயர்கள்தான் வைத்திருந்தோம். அது தப்பென்று அதுவரை தோன்றவில்லை.

அன்று மாலை நான் ரயிலிறங்கி வீட்டுக்கு வந்தபோது லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இறக்கிட்டேன்" என்றார்.

"எத?"

"சைட்ட."

எனக்குக் கோபம் வரும் என்று நான் நினைத்ததில்லை. வந்தது. "என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாங்க" என்றேன். அவர் பயந்திருந்தார். வேலை அது ஒன்றுதான், வீட்டுக் கடன் வேறு. 

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் ஆற்றுக்குப் போகவில்லை. ஆராதனை முடிந்து வந்து சமையலை முடித்த நேரத்தில் வாசலில் டூவீலர் சத்தம். அந்த வேகப்பந்து வீச்சாளரும் அவர் மனைவியும். அந்தப் பெண் வேறொரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருப்பவள் என்று எனக்குத் தெரியும். மைதானத்தில் பார்த்துச் சிரித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

"இன்னா சார், சைட்டே திறக்க மாட்டேங்குது?" என்று அவர் ஆரம்பித்தார். என் கணவர் நடந்ததைச் சொன்னார். வீச்சாளர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் தலையாட்டவில்லை.

"அதெப்படிண்ணா மூடுவீங்க? இன்னும் பாதி மேட்ச் பாக்கி இருக்குது. இந்த சீசனும் நான்தான் ஃபர்ஸ்டு" என்றாள்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீச்சாளர் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார். "நீயா? பச்சை மிளகாய் நீயா?"

அவள் துணைக்கு என்னைப் பார்த்தாள். நான் சமையலறைப் பக்கம் பார்த்தேன்.

"ரெண்டு வருஷமா ஊரெல்லாம் தேடிக்கினு இருக்கேன். வீட்லயே சோறு போட்டுக்கினு இருந்திருக்கே! என்னை ஒரே ஒரு வாட்டி எடுத்தா இன்னா?"

"எடுக்கலாம்தான். எவ்ளோ வைடு போடறே நீ? எல்லாம் மைனஸ். உன்ன எடுத்தா நான் எங்க ஜெயிக்கறது?"

என் கணவர் சிரித்துவிட்டார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான். வீச்சாளர் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "சாப்பாடு இன்னாக்கா?" என்று என்னைக் கேட்டார். எங்கள் பிள்ளைக்கு முதலில் போட்டுவிட்டு நாலு பேரும் சாப்பிட்டோம். கறிக்குழம்பு பற்றவில்லை, ரசத்தில் சமாளித்தேன்.

சாப்பிடும்போதுதான் அவள் விஷயத்தைச் சொன்னாள். அவள் லைனில் பாதிப் பெண்கள் ஆடுகிறார்களாம். சனிக்கிழமை டிபன் நேரத்தில் அணி போடுவார்களாம். ஒருத்தி தன் கொழுந்தனையே எப்போதும் இரட்டைப் பாயிண்ட் வரும் கேப்டனாகப் போடுவாளாம். அவன் டக் அவுட் ஆகிக்கொண்டே இருப்பான், இவள் கடைசியில் வந்துகொண்டே இருப்பாள், எடுக்காவிட்டால் வீட்டில் சண்டை. இதெல்லாம் எங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆபீஸ் நண்பர்கள்தான் ஆடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு என் கணவரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். செய்த சமையலை ஊரே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்று கேள்விப்பட்ட மாதிரி இருந்தார்.

ஹெச்.ஆரிடம் விளக்கம் சொல்ல அரை நாள் லீவு போட்டு நானும் கூடப் போனேன். அதிகாரி ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், நிதானமானவர். என் கணவரின் லேப்டாப்பில் இருந்த சைட்டை முழுக்கப் பார்த்தார்.

"காசு எங்க கட்டணும்?"

"காசே இல்ல சார்."

"பரிசு?"

என் கணவர் கிரீடத்தைக் காட்டினார். அது மின்னியது.

"அப்புறம் எதுக்கு ஆடறாங்க?"

இவர் இத்தனை வருஷத்தில் அதை யோசித்ததே இல்லை போலிருக்கிறது. நான் சொன்னேன்: "ஆடறவங்களை அவங்களுக்குத் தெரியும் சார். அண்ணன், தம்பி, பக்கத்து மெஷின்காரர். அவங்க நல்லா ஆடினா இவங்களுக்கும் கொஞ்சம் பேரு வருது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கம்பெனிப் பேரு எதுவும் இருக்கக்கூடாது. அந்த ஃபேன்டஸிங்கற வார்த்தையும் வேணாம். காசு உள்ள வந்ததுன்னு கேள்விப்பட்டா நானே புகார் குடுப்பேன். இப்போதைக்கு எனக்கு ஆட்சேபணை இல்ல. நாளைக்குச் சட்டம் என்ன சொல்லும்னு எனக்குத் தெரியாது, அதை என்கிட்ட கேக்காதீங்க."

கம்பெனிப் பெயரை எடுத்துவிட்டு டீம்களுக்கு என்ன பெயர் வைப்பது என்று ஒரு வாரம் சண்டை. கடைசியில் கம்பெனி வேன் நிற்கும் இடங்களின் பெயரை வைத்து சைட்டை மறுபடி ஏற்றினோம். ரயில்வே கேட், தண்ணி டேங்க், மேம்பாலம். தண்ணி டேங்க் மேம்பாலத்தை முப்பது ரன்னில் தோற்கடித்தது என்று நான் டைப் செய்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

அந்த சீசன் முடிந்தது. பச்சை மிளகாய்தான் முதல். இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்று அவள் தன் நிஜமான படத்தையே போட்டுக்கொண்டாள்.

பிறகு வேறு விதமான கஷ்டம் வந்தது. வெளிநாட்டு ஆர்டர்கள் குறைந்தன. ஓவர்டைம் நின்றது. சில லைன்களை மூடினார்கள். ஆற்றில் ஒரு டீமுக்குப் பதினொரு பேர் சேரவில்லை, இன்னொரு டீமோடு சேர்ந்துகொண்டார்கள். கீப்பர் ஓசூருக்கு வேலை தேடிப் போய்விட்டார். அவர் படத்தை சைட்டிலிருந்து எடுக்க என் கணவருக்கு மனசு வரவில்லை. 'ஊரில் இல்லை' என்று மட்டும் போட்டு வைத்தார்.

அடுத்து அவருக்கே மாற்றல் வந்தது. கம்பெனியின் இன்னொரு யூனிட்டுக்கு, பஸ்ஸில் பாதி நாள் தூரம். மாசத்துக்கு இரண்டு முறைதான் வர முடியும். மறுத்தால் வேலை இருக்குமா என்று தெரியாது. என் வேலையும் முக்கியம், பிள்ளையின் பள்ளிக்கூடமும் இங்கே. போய்விட்டு வாருங்கள் என்றேன். சைட்டை அங்கிருந்தே பார்த்துக்கொள்வேன் என்றார். ஆனால் ஸ்கோர் ஏற்ற ஆற்றங்கரையில் ஆள் வேண்டுமே. எனக்கோ லேபில் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஞாயிறு டியூட்டி போட்டுவிட்டார்கள்.

"நான் ஏத்தறேன்க்கா" என்றாள் பச்சை மிளகாய்.

உடனே எதிர்ப்பு வந்தது. ஆடுகிறவளே பாயிண்ட் போடலாமா? கேட்டவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்குச் சங்கடமாகிவிட்டது. வேறு ஆளைப் பார்க்கலாம் என்று அவளிடம் சொன்னேன். 

"வேற யாரு வருவாங்க, வெயில்ல நிக்க? அப்ப நான் ஆடல. பாயிண்ட் மட்டும் போடறேன்."

"மூணு சீசன் ஜெயிச்சவ நீ."

"ஆமா. சைட்டு இல்லன்னா எத ஜெயிக்கறது?" என்றாள். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அவள் புருஷன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "இனிமே நான் வைடு போட்டா மைனஸ நீயே போடுவியா?"

"போடுவேன்."

"நல்லா வாழ்ந்தேன் போ" என்றார். அவர் முகத்தில் கொஞ்சம் சந்தோஷம் தெரிந்தது.

மாற்றலுக்குக் கிளம்பும் முன் என் கணவர் கட்டணம் கட்டி சைட் பெயரைப் புதுப்பிக்க உட்கார்ந்தார். ஒரு வருஷமா மூன்று வருஷமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. மூன்றென்றால் கொஞ்சம் லாபம். விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லு."

சட்டம் நாளைக்கு மாறலாம். அடுத்த வருஷம் டீம்கள் இருக்குமா தெரியாது. நாங்களே எந்த ஊரில் இருப்போமோ. "ஒரு வருஷம் போடுங்க, பார்ப்போம்" என்றேன். அவரும் அதைத்தான் நினைத்திருந்தார் போலிருக்கிறது, உடனே அழுத்திவிட்டார்.

இந்த சீசனின் முதல் ஞாயிறு எனக்கு டியூட்டி. ஐந்து டீம்கள்தான். லேபில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும் இடைவெளிகளில் போனைத் திறந்து பார்த்தேன். கேண்டீனில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது பாயிண்டுகள் ஏற ஆரம்பித்தன. அதே நேரத்தில் என் கணவரும் அங்கே கம்பெனி ஹாஸ்டல் அறையில் பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி டேங்க் நல்லா ஆடறாங்க" என்று எனக்கு மெசேஜ் அனுப்பினார். ஒரு கேட்சை பேட்டிங் டீம் ஆளுக்கே போட்டிருந்தது எனக்குக் கண்ணில் பட்டது. ஆற்றில் நின்ற பச்சை மிளகாய்க்கு போன் செய்து சொன்னேன். பின்னால் ஒரே கூச்சல், அவள் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"மாத்திட்டேன்க்கா, இப்ப பாருங்க!"

பார்த்தேன். சரியாக இருந்தது. டீயை முடித்துவிட்டு மேலே லேபுக்குப் போனேன்.