அம்புக்குறி போட்ட மடக்குக் கத்தி

பட்டணத்து ஜனங்கள் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து மூட்டை முடிச்சோடு பூந்தமல்லிப் பக்கம் வந்து குவிந்த வருஷம் அது. சித்திரையில் வந்தவர்களில் பாதிப்பேர் ஆடிக்குள் திரும்பிப் போய்விட்டார்கள். நான் பத்திர ஆபீஸில் நகல் எழுதிக்கொண்டிருந்தேன். பகலெல்லாம் அடுத்தவர் நிலத்துக்குத் தேதி எழுதிய கை, வீட்டுக்கு வந்ததும் சொந்த நோட்டில் கண்டது கேட்டதையெல்லாம் தேதி போட்டு எழுதும். இன்னொரு கிறுக்கும் உண்டு. மடக்குக் கத்தி சேர்ப்பேன். அப்போது ஏழு இருந்தன. ஏழும் கடையில் வாங்கியவை. ஒன்றுக்கும் சொல்லிக்கொள்ளும்படி பூர்வீகம் கிடையாது.

ஆவணிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருக்கோடிக் கொல்லுப்பட்டறைக்குப் போயிருந்தேன். ஆசாரிக்கு என் வயசுதான். வாரத்தில் ஆறு நாள் அவருக்கு ஆவடியில் வேலை. பட்டாளத்தார் அங்கே புதிதாகப் போட்டிருந்த கிடங்கில் கூடார முளை அடித்துக்கொடுப்பார். ஞாயிறு மட்டும் சொந்தப் பட்டறை. அன்று ஒரு குடியானவர், பழைய கோட்டை அகழியில் வண்டல் வெட்டும்போது கிடைத்ததென்று ஒரு துருப்பிடித்த இரும்பைக் கொண்டுவந்து, களைக்கொத்து அடித்துத் தரச்சொல்லிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

முழ நீளம், மூன்று பட்டை, அடியில் வளைந்த கழுத்து, கழுத்தோடு ஒரு குழல். துப்பாக்கி முனையில் மாட்டுகிற பயனெட். கும்பெனி காலத்திலேயே இந்த ஊரில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தங்கியிருந்ததைப் படித்திருக்கிறேன். உட்கார்ந்து துருவைத் தேய்த்தேன். அலகின் அடியில் ஒரு சின்னக் கிரீடம், அதன் கீழே சர்க்கார் ராணுவச் சொத்துக்குப் போடுகிற அம்புக்குறி, பக்கத்தில் ஓர் எண். அதே எண் குழலிலும் இருந்தது.

“இன்னா ரைட்டரே, கண்ணுல ஒத்திக்கப் போறியா?” என்றார் ஆசாரி.

“களைக்கொத்துக்கு வேறு இரும்பு போடுங்கள். இதில் எனக்கு ஒரு மடக்குக் கத்தி வேண்டும்.”

“கொழா மெத்து இரும்பு, ஒண்ணுத்துக்கும் ஆவாது. அலகு எஃகு, நல்லா வரும்.”

“முத்திரை அழியக் கூடாது.”

“காச்சி அடிச்சா அது எங்கருந்து நிக்கும்?”

“அது போனால் வெறும் கத்தி.”

“வெறும் கத்திதான் வெட்டும். முத்திரையா வெட்டும்?” என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “இத பாரு, ஆவடில இந்த அம்பு போட்டது அல்லாமே அவுங்குளுது. ஆணி கூட. அராவிடறேன், உனுக்கும் நல்லது, எனுக்கும் நல்லது.”

“அந்தக் கிடங்கு வருவதற்கு எத்தனையோ காலம் முந்திப் போட்ட அம்பு இது” என்று பிடிவாதம் பிடித்தேன்.

குடியானவருக்கு வண்டி வில்லின் துண்டில் களைக்கொத்து போயிற்று. கத்திக்கு நாலு ஞாயிறு பிடித்தது. முத்திரை இருந்த இடத்தில் மட்டும் ஈரக் களிமண்ணைப் பொத்தி, உலையில் படாமல் வெளியே நீட்டிவைத்து, மீதியைச் சிவக்கக் காய்ச்சி, மூன்று பட்டையை ஒரு தகடாக அடித்தார். இரண்டு தடவை களிமண் வெடித்து வேலை நின்றது. எருமைக்கொம்பில் கைப்பிடி. விரித்தால் அலகின் அடியில் கிரீடமும் அம்பும் எண்ணும் புதிதாகக் குத்தியதுபோல நின்றன. வெட்டிப்போட்ட குழலை நான் எடுத்துவந்து, நோட்டில் பயனெட் கிடைத்த நாளைய பக்கத்தின் மேல் வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கத்தில் முத்திரையின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்த பிரதியும் இருந்தது.

“ஆயுத பூசைல வெச்சிட்டுதான் குடுப்பேன்” என்றார் ஆசாரி. எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. கத்தி என் கைக்கு வந்த தேதியாக நோட்டில் ஆயுத பூஜையைப் போடலாம். “அன்றைக்கு மாலையே வந்துவிட வேண்டும்” என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினேன்.

அவர் பட்டறையில் பூஜை என்றுதான் நினைத்திருந்தேன். அந்த வருஷம் கிடங்குக் கொட்டகையில் வேலைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து பெரிதாகச் செய்தார்கள். ஆசாரி சுத்தியல், குறடோடு கத்தியையும் கொண்டுபோயிருக்கிறார். கூட வேலை செய்கிறவர்கள் பார்க்கட்டும் என்ற ஆசை. பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை ஆகும்வரை யாரும் தொடமாட்டார்கள். சுத்தியலையும் குறடையும் அவர் தொடவில்லை. எனக்காகக் கத்தியை மட்டும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு கிடங்கு வாசலுக்கு வந்தார். சோதனைக்காரர் அதை விரித்துப் பார்த்தார். பெருமைப்பட்ட இடத்தில்தானே பொட்டு வைப்பார்கள்? முத்திரையின் மேல் அப்பியிருந்த குங்குமத்தைக் கட்டைவிரலால் துடைத்ததும் அம்பு தெரிந்தது.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. விஜயதசமி காலையில் ஆசாரியின் மனைவி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“ரைட்டரே, எங்க ஊட்டுக்காரரு திருடிட்டாருன்னு நேத்திலேந்து குந்த வெச்சிகினு கீறாங்கோ. இன்னிக்கு போலீசாண்ட குடுத்துடுவாங்களாம். உன் கத்தியாமே அது?”

குழலை எடுத்துக்கொண்டேன். நோட்டை எடுக்கத்தான் கை தயங்கியது. இன்ன தேதியில், இன்ன இடத்தில், பட்டாளத்து ஆயுதம் கிடைத்தது என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அது ஆசாரிக்குச் சாட்சி. எனக்கு, கண்டெடுத்த ஆயுதத்தைத் தெரிவிக்காமல் வைத்துக்கொண்ட சர்க்கார் குமாஸ்தா என்ற பெயர். அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டுக் குழலோடு போனால் போதாதா என்று யோசித்தேன். அவள் வாசலில் நின்றபடி, “நீ வரியா, நான் போவட்டா?” என்றாள். நோட்டோடு கிளம்பினேன்.

ஜட்கா ஆவடி போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. அவளை உள்ளே விடவில்லை. காவலறையில் இருந்த சுபேதார் வடாற்காட்டுக்காரர். ஆசாரி ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் நேற்றைய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

குழலையும் நோட்டையும் மேஜையில் வைத்தேன். சுபேதார் கத்தியை விரித்துக் குழலுக்குப் பக்கத்தில் வைத்தார். எண்ணோடு எண்ணைப் பார்த்தார். பென்சில் பிரதியைப் பார்த்தார். பிறகு பக்கத்தை முழுதும் படித்தார்.

“இவ்வளவு எழுதத் தெரியுது, போலீஸ் தாணாவுக்கு ஒரு வரி எழுதத் தெரியலையா?”

“தப்புதான்.”

“கொழா இங்கியே இருக்கட்டும். ஆளு போலாம். ஆனா அம்பு போட்டது இந்த வாசலத் தாண்டாது. கத்திய உட்டுட்டுப் போறீங்களா, அராவிட்டு எடுத்துகினு போறீங்களா?”

ஆசாரி எழுந்து நின்றார். “இருக்கட்டும் ரைட்டரே. முத்திரையோட இங்கியே கெடக்கட்டும். நாலு வாரம் மண்ணு பொத்தி காப்பாத்தனது.”

“அராவுங்கள்” என்றேன்.

“அராவறதா? உங்கிட்ட இன்னும் ஏழு கத்தி கீது. இது ஒண்ணு போனா இன்னா?”

“இங்கேயே கிடந்தால், நாளைக்கு ஆள் மாறினதும் எடுத்துப் பார்த்து மறுபடியும் உங்களைத்தான் கேட்பார்கள்.”

ஆசாரி கத்தியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். மறுபூஜை முடிந்திருந்தது. விஜயதசமியில் முதலில் தொடுகிற வேலை விருத்தியாகும் என்பார்கள். அந்த வருஷம் அவர் தொட்ட முதல் வேலை, தன் வேலையில் சிறந்ததை அராவினது. அரம் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வெளியே நின்றேன். அதிக நேரம் ஆகவில்லை.

வாசலுக்கு வெளியே புளியமரத்தடியில் மனைவி நின்றிருந்தாள். ஆசாரி கத்தியைக் கையில் தரவில்லை. கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும். தரையில் வைத்தார். நான் குனிவதற்குள் அவள் எடுத்து, முந்தானையில் முடிந்துவந்த எலுமிச்சம்பழத்தை ஒரே இழுப்பில் பிளந்து, அவர் தலையைச் சுற்றி ஒரு பாதியை இந்தப் பக்கமும் ஒரு பாதியை அந்தப் பக்கமும் எறிந்தாள். அப்புறம் கத்தியை மடக்கி மறுபடி தரையில் வைத்தாள்.

“வெட்டுது” என்றாள் புருஷனிடம்.

“நான்தான் சொன்னேனே, அது வெட்டும்னு” என்றார் அவர்.

அராவின இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. விரித்துப் பிடித்தால் கட்டைவிரல் அங்கேதான் போய் உட்காரும்.