முப்பத்தொரு டிகிரியில் கருகிய பயத்தங்காய்

பாயான் பாருவில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் தூசி புகாத கிளீன் ரூமில் டெக்னீஷியனாக இருந்தேன். தூசிதான் என் ஜென்ம விரோதி. ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தபோது, மொட்டை மாடிக் காய்கறித் தோட்டத்துக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். கேன்டீனுக்கு வேண்டிய காய்கறியை நாமே விளைவிக்கலாம் என்று மேலிடத்துக்கு ஒரு யோசனை. காய்கறியை எனக்குச் சாப்பிட மட்டும்தான் தெரியும்.

செடிகளைப் பார்த்துக்கொண்டவர் சரோஜா. ஜெலுத்தோங் ஃபிளாட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். காண்ட்ராக்ட் வேலை. வரப்போகும் பயத்தங்காய் அறுவடையைப் பார்த்துத்தான் அவருடைய காண்ட்ராக்டை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். ஐம்பது வயதில் இனி யார் வேலை தருவார்கள் என்று அவர் கவலைப்பட்டுக்கொண்டே இருப்பார்.

பயத்தங்காய் பூவிட்ட வாரம் பார்த்து ஜெரேபு வந்து தொலைத்தது. அப்படியொரு புகைமூட்டம், மாடியிலிருந்து வழக்கமாகத் தெரியும் கடல் பாலமே தெரியவில்லை. இலையெல்லாம் சாம்பல். இலையில் அழுக்குப் படிந்தால் வெளிச்சம் போகாது, செடி மூச்சு விடாது என்று படித்தேன். அவ்வளவுதான், எனக்குள் இருந்த கிளீன் ரூம்காரன் எழுந்துவிட்டான். பந்தலைச் சுற்றிப் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி, டேப் ஒட்டி, ஃபில்டர் ஃபேனும் வெப்ப மீட்டரும் மாட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும் என்று போர்டு வேறு! மண்ணில் வேலை செய்பவருக்கு!

சரோஜா முதல் நாளே வந்து நின்றார்.

"அண்ணே, உள்ள அவியுதுண்ணே. இந்த வெக்கையில பூவெல்லாம் கொட்டிடும்லா. தொறந்து விடுங்க. காலையில பைப்புல இலைய கழுவி விட்டா போதும்."

"முப்பத்தொன்னுதான் காட்டுது, சரோஜா. ஸ்பெக்குல போட்ட அளவுக்குள்ளதான் இருக்கு."

"மீட்டருக்கு வேர்க்காதுண்ணே. எனக்குல்ல வேர்க்குது!"

நான் சிரித்துவிட்டு, தினசரி ரிப்போர்ட்டில் முப்பத்தொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போடப் போய்விட்டேன்.

நாலாம் நாள் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால், பூவெல்லாம் தரையில் கிடந்தது. இலை ஓரமெல்லாம் கருகல். மீட்டர் மட்டும் முப்பத்தொன்று. அப்போதுதான் அதை எங்கே மாட்டியிருக்கிறேன் என்று பார்த்தேன். கிளீன் ரூமில் காற்று உள்ளே வரும் வாயில் அளப்போம். கைப்பழக்கத்தில் இங்கேயும் ஃபேன் வாயிலேயே தொங்கவிட்டிருந்தேன். எடுத்துப்போய்க் கொடிகளுக்கு நடுவில் வைத்தேன். நாற்பத்து மூன்று!

மேனேஜர் குணா என்னைவிட இருபது வயது இளையவர். மீட்டிங்கில் என் ரிப்போர்ட்டைப் புரட்டிப் புரட்டி ரசித்தார்.

"டாப்லா, அண்ணே. டஸ்ட் கிட்டத்தட்ட ஜீரோ. டெம்பரேச்சர் ஒரு நாள்கூட ஸ்பெக் தாண்டல. அப்ப செடியப் பாத்துக்கிட்ட ஆளுதான் சரியில்ல."

"இல்ல பாஸ். மீட்டர தப்பா மாட்டினது நான். உள்ள நாப்பத்து மூனு. சரோஜா மொதல் நாளே சொன்னாங்க."

"நீங்க நல்ல மனுஷன், அவங்கள காப்பாத்தப் பாக்குறீங்க. நாலு நாளும் நீங்கதானே சைன் போட்டிருக்கீங்க?"

என் கையெழுத்து இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று இருபத்தாறு வருடமாக இவர்களைப் பழக்கியவன் நான்தான். என் வாய் சொன்னது அன்று எடுபடவில்லை. மாதக் கடைசியில் சரோஜா போய்விட்டார். "பரவாயில்லண்ணே" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எல்லா ரிப்போர்ட் ஃபாரத்திலும் அடியில் ரிமார்க்ஸ் என்று ஒரு கட்டம் இருக்கும். சரோஜா சொன்னதை முதல் நாளே அதில் ஒரு வரி எழுதியிருந்தால் அவருக்கு வேலை இருந்திருக்கும். ரிப்போர்ட் சுத்தமாக இருக்கட்டும் என்று நாலு நாளும் அதைக் காலியாக விட்டேன்.