குடை வைத்த இடம்

கதை எழுதி இரண்டு வருடத்துக்கு மேலாகிவிட்டது. இதழ் நடத்தும் நண்பரிடம் வெள்ளிக்கிழமைக்குள் ஒன்று தருகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். இதுவும் வராவிட்டால் எழுதுவதையே விட்டுவிடுவது என்று எனக்குள் ஒரு முடிவு. அதனால் நித்திரையில்லை, யாரோடு கதைத்தாலும் எரிச்சல். “சும்மா சுத்திப் பாரும், கதை தானா வரும்” என்று அந்த நண்பர் சொன்னபோது போனை எறிந்திருப்பேன்.

ஆனாலும் பார்த்தேன். நாரந்தனையிலிருந்து நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகிறவள் நான். குறிகட்டுவானில் காலைப் படகுக்குள் கடைசி ஆளாக இறங்கி, படிக்கட்டிலேயே நின்றுகொள்வேன். அங்கே நின்றால்தான் எல்லா முகமும் தெரியும். பையிலிருந்து தலையை நீட்டும் கோழி, ஹெல்மெற்றைக் கழற்றாமலே தூங்குகிறவர், காஸ் சிலிண்டரைக் கட்டிப்பிடித்தபடி செல்பி எடுக்கும் பெட்டை. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒன்றும் கதையாகவில்லை.

பிறகுதான் அந்தப் பெரியவரைக் கண்டேன். வாங்குப் பலகையின் ஓரத்தில் இருப்பார். பக்கத்தில் குடையை வைத்து இடம் பிடித்திருப்பார். எங்கள் படகில் இது எல்லோரும் செய்வதுதான்; கைலேஞ்சியோ செருப்போ கிடந்தால்கூட அந்த இடத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். யாராவது கேட்டால், “ஆள் வருகுது” என்பார். படிக்கட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருவரும் வருவதில்லை. படகு வெளிக்கிட்டதும் குடையை எடுத்து மடியில் வைப்பார். வேறு யாராவது வந்து அமர்வார்கள். அடுத்த நாளும் அதே குடை, அதே பார்வை.

எனக்குப் பிடிபட்டுவிட்டது. மனைவி இறந்துபோனவர். இருவரும் ஒன்றாகப் போய்வந்த படகு இது. அன்றிரவே போனில் எழுதத் தொடங்கினேன். எழுத எழுத எனக்கே அழுகை வந்தது. வியாழக்கிழமை முடித்து, நானும் எழுதுகிறவள்தான் என்று குசினி அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை சோளகக் காற்று அடித்தது. கயிறு அவிழ்க்கும் முன்பே படகு ஆடத் தொடங்க, படிக்கட்டில் என் தலை கம்பியில் மோதியது. எங்கும் இடமில்லை, அந்தக் குடை கிடந்த இடத்தைத் தவிர. அவருக்காக அவ்வளவு அழுதவள்தான், ஆனாலும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஒவ்வொரு நாளும் பாக்கிறன் ஐயா, ஒருத்தரும் வாறேல்லை. ஆருக்கு இந்த இடம்? எனக்கு நிக்க ஏலாது!”

அவர் குடையை எடுத்தார்.

“உமக்குத்தான் பிள்ளை வைக்கிறனான். இரும். கடைசியா வந்து படியில நிண்டு ஆடிக்கொண்டு வாறீர். பாக்க எனக்கெல்லோ தலை சுத்துது.”

அமர்ந்தேன். அவருடைய போன் அடித்தது. மறுமுனையில் ஒரு பெண் போட்ட சத்தம் இயந்திர இரைச்சலையும் மீறி எனக்கே கேட்டது.

“என்ரை மனிசி,” என்றார் போனை மூடியபடி. “சாப்பாட்டுப் பெட்டியை மறந்து விட்டிட்டு வந்திட்டனாம். பேச்சு விழுகுது.”

நேற்று நான் சாகடித்தவளின் குரல் அது. சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன. இத்தனை நாளும் ஒரு மனிதர் என்னைப் பார்த்து இரங்கியிருக்கிறார்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா?”

“எத்தினை தரம் கண்ணைக் காட்டினனான்!” என்றார். “நீரும் என்னைத்தானே பாத்துக்கொண்டு நிண்டனீர்?”

அன்று நான் கதையை அனுப்பவில்லை.