திரைக்குக் கீழே தெரிந்த கால்கள்

1. கஞ்சி குடிக்கிறவர்

செத்தவர்களைப் படமெடுக்க எனக்குப் பயமே கிடையாது. அசைய மாட்டார்கள், கண் சிமிட்ட மாட்டார்கள், பிரிண்ட் வந்ததும் 'நான் இவ்வளவு கறுப்பா?' என்று சண்டைக்கு வர மாட்டார்கள். சாகப்போகிறவர் வேறு விஷயம். அவர் நம்மைத் திருப்பிப் பார்ப்பார்.

சுங்குவார்சத்திரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தேன். கம்பெனி ஐடி கார்டுக்குப் பாஸ்போர்ட் சைஸ், கல்யாணம், சாவு. இதுதான் பிழைப்பு. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு நாள், தீராத நோயாளிகளை வீட்டுக்கே போய்க் கவனிக்கும் குழுவிலிருந்து ஸ்டெல்லா சிஸ்டர் வந்தார்.

"நீங்க படம் எடுக்க வேணாம் சார். அவங்களே எடுக்கட்டும். படுத்துக்கிட்டு என்ன பாக்குறாங்க, என்ன நெனைக்கிறாங்கன்னு நமக்குத் தெரியணும். நீங்க கேமரா பழக்கிக் குடுங்க, ரோலைக் கழுவிக் குடுங்க. அப்புறம் எல்லாரும் உக்காந்து பாப்போம்."

முதல் வீடு மணிமங்கலம் பக்கம். ஏழுமலை அண்ணன் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். வயிற்றில் புற்றுநோய். இனி வைத்தியம் இல்லை என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். மொபெட்டை நிறுத்தி நான் கேமரா பையை எடுத்ததுதான் தாமதம், எதிர்வீட்டுப் பச்சையம்மா மாரில் அடித்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார். அந்தத் தெருவுக்கு நான் கல்யாணத்துக்கு வருவேன், இல்லாவிட்டால் சாவுக்கு. பந்தலோ எங்கும் இல்லை.

"ஐயோ ஏழுமல, எங்கள வுட்டுட்டுப் பூட்டியா!"

உள்ளேயிருந்து குரல் வந்தது: "இன்னும் இல்லக்கா! கஞ்சி குடிச்சிகினு கீறேன்!"

சிஸ்டர் சிரித்தார். நான் ஒரு செருப்பை மட்டும் கழற்றி, ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே என்று நின்றேன். சின்ன ஆட்டோ கேமராவை எட்டி அண்ணன் கையில் கொடுத்து, "இந்தப் பட்டன்ணா, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு, போன் பேசப் போகிறவன் மாதிரி வெளியே வந்து நின்றேன். அப்போது என்னிடம் போனே கிடையாது.

2. வேஸ்ட்

ஸ்டுடியோக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ரோலைக் கழுவியதும் நெகட்டிவை விளக்கில் பிடித்துப் பார்ப்போம். ஆடியது, மங்கியது, தலை வெட்டுப்பட்டது எல்லாவற்றையும் 'வேஸ்ட்' என்று ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்குத்தான் பிரிண்ட். அண்ணன் ரோலில் தேறியது மூன்று: மனைவி கலா, கஞ்சிக் கிண்ணம், முருகன் காலண்டர். பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"மிச்சம் எங்கப்பா?"

"வேஸ்ட்ணா. எல்லாத்துலயும் தலை கட். வெறும் காலு."

"தலைங்க திரைக்கு மேல இருந்துச்சு. நான் எங்க போயி எடுப்பேன்?"

திரும்பிப் பார்த்தேன். அண்ணன் தரையில் பாயில் படுத்திருந்தார். தெருவாசலில் மேலிருந்து முழங்கால் அளவுக்கு ஒரு பழைய புடவைத் திரை தொங்கியது. பார்க்க வருகிறவர்கள் வெளியே நின்றபடியே கலாவிடம் விசாரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

"நாளைக்குப் போட்டு எடுத்தாரேன்ணா."

"நாளைக்குன்னா நான் கியாரண்டி இல்லபா."

நெகட்டிவோடு அப்போதே தாம்பரம் லேபுக்கு ஓடினேன். எல்லா ஃபிரேமையும் பிரிண்ட் போட்டுக்கொண்டு சாயங்காலம் திரும்பினால், அண்ணன் வீட்டுத் தெருவில் கூட்டம். போச்சு! மொபெட்டை அப்படியே கீழே போட்டுவிட்டு, "அண்ணா!" என்று அலறிக்கொண்டு ஓடினேன்.

தண்ணி லாரி வந்திருந்தது. குடத்தோடு வரிசையில் நின்ற பச்சையம்மா கேட்டார்:

"இன்னாப்பா, இன்னிக்கு அழுவறது உன் முறையா?"

3. செருப்பு

உள்ளே ஸ்டெல்லா சிஸ்டரும் இருந்தார். அண்ணன் படங்களை ஒவ்வொன்றாகப் பாயில் பரப்பினார். கொலுசுக் கால்: "என் தங்கச்சி." சேஃப்டி ஷூ: "லைன்ல கீறானே குமாரு, அவன். செகண்ட் ஷிஃப்ட்டுக்குப் போற வழியில வந்தான்." இன்னொரு ஷூ, மூன்று படங்களில் இருந்தது. "இவன் சங்கரன்கோவில்காரன். என்கூட வண்டி ஓட்டுனவன். மூணு தபா வந்தான். மூணு தபாவும் ஷூவத்தான் பாத்தேன்."

கலா அக்கா அந்த ஷூ படத்தைக் கையில் எடுத்தார். "நீ தூங்குறன்னு நெனச்சிகினு நாந்தான் வாசலோட அனுப்பிட்டேன். இப்டி இளைச்சிக் கெடக்குறத நாலு பேரு பாக்க வேணாம்னுதான் அந்தத் திரையே கட்னேன்."

"பாத்தா பாக்கட்டும் கலா. நானும் அவங்கள பாக்கணும் இல்ல?"

கடைசிப் படத்தை என்னிடம் நீட்டினார். ஒரு காலில் செருப்பு, ஒரு கால் வெறுங்கால். இரண்டும் தெருப்பக்கம் திரும்பி ஓடத் தயாராக நின்றன.

"இது யாரு, தெரியுதா?"

தெரியாமல் என்ன? என் செருப்பின் அறுந்து தைத்த வாரே காட்டிக்கொடுத்தது. சிஸ்டர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்.

கலா அக்கா எழுந்து திரையை அவிழ்த்தார். ஞாயிற்றுக்கிழமை குமாரும் சங்கரன்கோவில்காரரும் பாயோரம் உட்கார்ந்து சூப்பர்வைசரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணனின் இரண்டாவது ரோலில் எல்லோருக்கும் தலை இருந்தது. சிரித்த சிரிப்பில் கேமரா ஆடி மங்கிப்போனவையும் இருந்தன. ஒன்று விடாமல் பிரிண்ட் போட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான்: எடுத்தவரைக் கேட்காமல் எதையும் வேஸ்ட் என்று ஒதுக்காதீர்கள்.

கொஞ்ச நாளில் சேதி வந்தது. பழக்கதோஷத்தில் கேமரா பையை மாட்டிக்கொண்டு போய், பழக்கதோஷத்திலேயே வாசலில் நின்றேன். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கலா அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"படமெல்லாம் அவரே எடுத்துட்டாரு தம்பி. அங்கயே நிக்காத. உள்ள வா."

கழற்றினேன். இந்தத் தடவை இரண்டு செருப்பையும்.