ஒத்திகை வேந்தர்

முழங்காலைச் சற்றே மடக்கி, தாடையைக் கொஞ்சம் தூக்கி, மேடை நடுவில் ஒட்டிய வெள்ளை நாடாவின் மேல் நிற்கிறார். இப்போதைய வேந்தர் இவரைவிடக் குள்ளம். அதனால்தான் இந்த மடக்கல். முந்தையவர் நெட்டை. அவர் காலத்தில் இவர் ஒரு பலகைத் துண்டின் மேல் ஏறி நின்றார். அந்தப் பலகை இன்னும் திரைக்குப் பின்னால் சாய்ந்து கிடக்கிறது. மண்டபத்தைக் கூட்டுகிறவர்களிடம், “மறுபடி நெட்டையா ஒருத்தர் வராமலா போயிடுவாரு? தூக்கிப் போட்டுடாதீங்க” என்று சொல்லி வைத்திருக்கிறார்.

பல்கலைக்கழக விழா மண்டபத்தின் எலக்ட்ரீஷியன் அவர். ஆண்டு முழுக்க விளக்கு, மின்விசிறி, ஒலிபெருக்கி. ஒரே ஒரு நாள் மட்டும், பட்டமளிப்பு விழாவுக்கு முந்தைய நாள், வேந்தர். பட்டம் வாங்கப் போகும் அத்தனை பேரும் வரிசையில் வந்து, நாளை வேந்தரிடம் வாங்கப் போவதை இன்று இவரிடம் வாங்கிப் பழக வேண்டும். ஒத்திகை வேந்தர் என்பது மாணவர்கள் வைத்த பெயர். சிற்றுண்டிச்சாலையில் அது தேய்ந்து வெறும் வேந்தர் ஆகிவிட்டது. “வேந்தரே, டீ ஆறுது” என்று கல்லாவிலிருந்து குரல் வரும்போது, புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர்கள் பதறி எழுந்து நிற்பதுண்டு.

அவர் கொடுப்பது சிவப்பு அட்டை. உள்ளே ஒன்றும் கிடையாது. மறுநாள் வேந்தர் கொடுப்பதிலும் ஒன்றும் இருக்காது. அசல் சான்றிதழைப் பிறகு அலுவலக சன்னலில் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். ஒத்திகைக்கு நான்கே அட்டைகள். வாங்கியவர் படியிறங்கியதும் கூடையில் போட, அவை சுற்றிச் சுற்றி மறுபடி மேடைக்கு வரும்.

“இடது கையால வாங்கு. வலது கையால கை குடு. கேமராவைப் பாரு. ஒண்ணு, ரெண்டு. நகரு.” ஒவ்வொருவரிடமும் இதே சொற்கள், இதே வேகம். இரண்டு எண்ணுவதற்குள் கொடுப்பவர் கை அட்டையை விட்டுவிட வேண்டும் என்பது அவருடைய சட்டம். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முன்னொரு வேந்தர் பாசக்காரர். அட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு, எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார் என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். காலையில் தொடங்கிய விழா விளக்கு வைத்த பிறகும் முடியவில்லை. வரிசையில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். அதற்குப் பின் வந்த எல்லா வேந்தர்களின் செயலாளர்களிடமும் இவர் நேரில் போய்ச் சொல்லிவிடுகிறார்: “பிள்ளைங்களுக்கு வாங்கச் சொல்லிக் குடுத்துருவேன். ஐயாவுக்கு விடச் சொல்லிக் குடுக்க வேண்டியது உங்க பொறுப்பு.” தன் கை ஒருநாளும் இரண்டைத் தாண்டியதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இப்போதைய வேந்தர் பதவியேற்ற புதிதில் இவர் அவருடைய செயலாளரைத் தொலைபேசியில் அழைத்து, ஐயாவின் உயரம் எவ்வளவு, எத்தனை மணிக்குக் காரைவிட்டு இறங்குவார், கை கொடுக்கும்போது இறுக்குவாரா தளர்த்துவாரா என்று கேட்டார். செயலாளர் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்துவிட்டார். விசாரிக்க வந்த அதிகாரி மண்டபத்துக்குள் நுழைந்ததும், “அட, நம்ம வேந்தர்தானா” என்று உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார்.

இந்த ஒத்திகை வந்த கதையும் விசித்திரமானது. மண்டபம் கட்டுவதற்கு முன்பு, முதல் பட்டமளிப்பு விழா நூலக முற்றத்தில் பந்தல் போட்டு நடந்தது. எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்று யாருக்கும் யாரும் சொல்லவில்லை. பாதிப் பேர் இடப்பக்கமும் பாதிப் பேர் வலப்பக்கமும் ஏறி, வேந்தருக்கு நேர் முன்னால் மோதிக்கொண்டார்கள். வேந்தரின் மூக்குக் கண்ணாடி கீழே விழ, இயற்பியலில் முதலிடம் வாங்கியவர் அதை மிதித்தார். அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்தின் குறிப்பில், இனி முன்தினம் ஒத்திகை நடத்தப்படும் என்ற ஒரு வரி இருக்கிறது. கண்ணாடியைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த ஆண்டின் சில்லறைச் செலவில் மட்டும் ‘மூக்குக் கண்ணாடி, ஒன்று’ என்று காணப்படுகிறது.

முதல் ஒத்திகை வேந்தர் மனிதரே அல்ல, ஒரு கோட் ஸ்டாண்டு. அதற்கு அங்கி மாட்டி நிறுத்தி, மாணவர்களை அதன் கையைக் குலுக்கச் சொன்னார்கள். சில ஆண்டுகள் கழித்து யாரோ ஆர்வமாகக் குலுக்கியதில் அது சாய்ந்து வாத்தியக் குழுவின் மேல் விழுந்தது. பிறகுதான் மனிதர்கள் வந்தார்கள்: ஒரு நூலக உதவியாளர், அவருக்குப் பின் ஒரு கணக்கர். கணக்கர் ஓய்வு பெற்ற ஆண்டு, மேடை விளக்கைச் சரிபார்க்க இவர் நாடாவின் மேல் நின்றுகொண்டிருந்தார். அப்போதைய பதிவாளர், “அப்படியே நில்லுப்பா, வரிசையை அனுப்பறேன்” என்றார். நின்றவர்தான். வேந்தர்களின் படங்கள் மண்டப முகப்பில் வரிசையாக மாட்டியிருக்கின்றன. கோட் ஸ்டாண்டு விளக்கறையில் இருக்கிறது. இவர் தன் குடையை அதில்தான் மாட்டுகிறார். “இவரு எனக்கு முன்னாடி பதவியில இருந்தவரு. பேச மாட்டாரு. ஆனா ஒரு நாள் லீவு போட்டதில்ல” என்று அறிமுகம் செய்து வைப்பார்.

ஒருமுறை புகைப்படக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு வந்தார். விழாப் படங்கள் அத்தனையிலும் மாணவர்கள் வேந்தரையும் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் இடது ஓரம் போயிருந்தது. யோசித்துப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. விழா நாளில் இவர் மேடையின் இடது ஓரத் திரை பக்கம் நிற்பார். முதல் நாள் கற்றுக்கொடுத்தவர் சரி என்று தலையாட்டுகிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகள் நகர்ந்திருக்கிறார்கள். பதிவாளர் இவரை மண்டபத்தின் பின்பக்கம், கேமராவுக்கு மேலே இருக்கும் விளக்கறைக்கு அனுப்பிவிட்டார். அந்த ஆண்டு முதல் படங்களில் எல்லாரும் நேராகப் பார்க்கிறார்கள்.

அட்டையை நீட்டும்போது அவர் ஒரு கேள்வி கேட்பார்: “அடுத்து என்ன?” இது ஒத்திகையில் சேர்ந்தது அல்ல, அவருக்குத் தெரிந்துகொள்ள ஆசை. வேலை என்பார்கள், மேற்படிப்பு என்பார்கள். “தூங்கணும் அண்ணே” என்றான் ஒரு பையன். “அதை எங்க மாமாகிட்டதான் கேக்கணும்” என்றாள் ஒருத்தி. தத்துவம் படித்தவர்கள்தான் அதிகம் யோசிப்பார்களாம், வரிசை அங்கேதான் தேங்குமாம். எல்லாத் துறையிலும் சேர்த்துப் பார்த்தால் சாப்பாடு என்ற பதில்தான் முதலிடம் என்று சிற்றுண்டிச்சாலையில் அவர் அறிவித்திருக்கிறார்.

மகள் சிறுமியாக இருந்தபோது அவளை வைத்துத்தான் அவர் பழகிப் பார்த்தார். சமையலறை வாசலில் நின்று தட்டை நீட்டுவார். அவள் இடது கையால் வாங்கி, வலது கையால் கை குலுக்கி, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே இருக்கும் கற்பனைக் கேமராவைப் பார்த்து, இரண்டு எண்ணி நகர்வாள். சீப்பு, தண்ணீர்ச் செம்பு, டிவி ரிமோட், எதைக் கொடுத்தாலும் அப்படித்தான். வந்திருந்த அத்தை, “என்ன பழக்கம் இது, இடது கையால வாங்குறா?” என்று முகம் சுளித்தபோது, அவர் மனைவி, “அவங்க ரெண்டு பேரும் பட்டமளிப்பு விழாவில இருக்காங்க, கண்டுக்காதீங்க அண்ணி” என்றார்.

அதே பல்கலைக்கழகத்தில் நிலவியல் சேர்ந்த ஆண்டோடு மகள் அந்த விளையாட்டை விட்டுவிட்டாள்.

சேர்ந்த முதல் வாரத்தில் நடந்த ஒன்று அவர் மனதில் முள்ளாகக் கிடந்தது. தாழ்வாரத்தில் ஏணி மேல் நின்று பல்பு மாட்டிக்கொண்டிருந்தார். கீழே நாலைந்து பேரோடு மகள் வந்தாள். ஒருத்தி மேலே பார்த்து, “ஏய், இவருதான் ஒத்திகை வேந்தராம்டி. கடைசி வருஷம் இவருகிட்டதான் டூப்ளிகேட் பட்டம் வாங்கணும்” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை, இவர் யார் என்று சொல்லவும் இல்லை. அவர்கள் போனபிறகு, மாட்டிய பல்பையே கழற்றி மறுபடி மாட்டினார்.

இந்த ஆண்டு அவள் தேறிவிட்டாள். ஒத்திகைக்குச் சில வாரம் முன்பு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: “அப்பா, இந்தத் தடவையும் நீங்கதான் நிக்கப் போறீங்களா?”

“பாக்கலாம்” என்றார். பாதிச் சோற்றோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் காலையில் பதிவாளர் அறைக்குப் போய், முட்டி வலிக்கிறது, இந்த ஆண்டு வேறு யாரையாவது நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார். பதிவாளர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். “நேத்து உங்களை ஏணி மேல பாத்தேனே?”

“ஏறும்போது வலிக்காது மேடம். நிக்கும்போதுதான்.”

விளையாட்டு மாஸ்டரைப் போடுவது என்று முடிவாயிற்று. நிற்பதும் கொடுப்பதும் ஒரு வேலையா என்று அவரும் உற்சாகமாக ஒப்புக்கொண்டார். வீட்டில் விஷயம் தெரிந்ததும் மனைவி கையில் இருந்த துணியைக் கீழே வைத்தார். “அவ கேட்டது ஒரு கேள்விங்க. அதுக்கு நீங்க ராஜினாமா பண்ணிட்டு வந்திருக்கீங்க.”

“கூட்டாளிங்க முன்னாடி அவளுக்குச் சங்கடம் வேணாம்னுதான்.”

“சங்கடம்னு அவ சொன்னாளா?”

“சொல்லணுமா?”

“அவளையே கேளுங்க. நடுவில சேதி கொண்டு போறதுக்கு நான் தபால்காரி இல்ல.”

அவர் கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று அவள் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மகளும் அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒத்திகை நாளில் விளக்கறையின் சின்ன சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கோட் ஸ்டாண்டு. கீழே மாஸ்டர் தன் முழு உயரத்துக்கு நிமிர்ந்து நின்றார். வேந்தருக்கு வைத்திருந்த வெளிச்சம் அவர் மார்போடு நின்றுவிட, முகம் இருட்டில் கிடந்தது. கை குலுக்கிய குலுக்கலில் மெலிந்த பிள்ளைகள் ஓரடி நகர்ந்து போனார்கள். வரிசை தேங்கியதும் பழக்க தோஷத்தில் கழுத்து விசிலை எடுத்து ஊதினார். மேடையில் இருந்தவர்கள், படியில் இருந்தவர்கள், கீழே இருந்தவர்கள் எல்லாரும் அப்படி அப்படியே நின்றுவிட்டார்கள். மேலே இவர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “ஒண்ணு, ரெண்டு, விடுய்யா” என்று முணுமுணுத்தார்.

நிலவியல் துறையின் முறை வந்தது. மகள் முதல் படியில் கால் வைத்தாள், நாடாவின் மேல் நிற்பவரைப் பார்த்தாள், காலை எடுத்துக்கொண்டாள். ஓரமாக ஒதுங்கி, பின்னால் வந்தவர்களைப் போகச் சொன்னாள். எதையோ மறந்து வைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று மேலே இவர் நினைத்தார். அடுத்த துறை போயிற்று, அதற்கடுத்த துறையும் போயிற்று. அவள் படியோரமாகவே நின்றாள். கடைசியில் மேடையடியில் அவள் ஒருத்திதான் மீதி.

“வாம்மா, நீ ஒருத்திதான் பாக்கி” என்றார் மாஸ்டர்.

மகள் மேடையேறினாள். நாடாவுக்கு முன்னால் வந்து நின்றாள், கையை நீட்டவில்லை. “சார், தப்பா எடுத்துக்காதீங்க. நான் வேற ஒருத்தர்கிட்ட வாங்கணும்.”

“யாருகிட்ட?”

அவள் மண்டபத்தின் பின்பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். மேடை மைக் இயங்கிக்கொண்டிருந்தது, அதை இயங்க வைத்தவர் அவர்தான்.

“எங்க அப்பாகிட்ட.”

நாற்காலிகளில் இருந்த தலைகள் எல்லாம் திரும்பின. அவற்றில் அன்று ஏணியடியில் சிரித்த தலைகளும் இருந்தன. அவர் விளக்கறைப் படியில் இறங்கி, நடுப் பாதையில் நடந்து வந்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தார். மாஸ்டர் நாடாவை விட்டு விலகி அட்டையை அவரிடம் நீட்டினார். “வாங்க வேந்தரே. முட்டி வலின்னு சொன்னப்ப நான் நம்பல. இவ்வளவு நேரம் நின்னு பாத்ததுல இப்ப நம்புறேன்.”

நாடாவின் மேல் ஏறி நின்றதும் முழங்கால் தானாக மடங்கியது.

“நிமிந்து நில்லுங்கப்பா” என்றாள் மகள். “எனக்கு வேந்தர் உயரம் வேணாம்.”

நிமிர்ந்தார். அட்டையை நீட்டினார். அவள் இடது கையால் வாங்கினாள், வலது கையால் கை கொடுத்தாள், மண்டபத்தின் பின்பக்கம் பார்த்தாள். விளக்கறை சன்னலில் குடை மாட்டிய கோட் ஸ்டாண்டு மட்டும் தெரிந்தது.

“கேக்க மாட்டீங்களா?” என்றாள் உதடு அசையாமல்.

அவர் கேட்டார்: “அடுத்து என்ன?”

“முதல்ல நீங்க அட்டையை விடணும்.”

கீழே யாரோ ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணத் தொடங்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எண்ணிக்கை ஏழுக்கு வந்தபோதும் அட்டையின் மறுமுனையில் அவர் விரல்கள் இருந்தன.