நகம் மாட்டாத கீறல்கள்

கார் பெயின்டில் விழுந்த பொடிக் கீறல்களை எடுக்கிற எங்கள் தொழிலுக்கு முதல் எதிரி வெயில்தான். நிழலில் நல்ல பிள்ளையாக நிற்கிற வண்டியெல்லாம் வெயிலுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

தென்காசியில் எங்கள் கடை. வீட்டுக்காரர் டிங்கரிங், பெயின்டிங் பார்க்கிறார். பாலிஷ் மெஷின் என் கையில். கான்வென்டில் சிஸ்டர்கள் எம்ப்ராய்டரி சொல்லிக்கொடுத்ததில் துணி சுருங்காமல் தைக்கிற கை வந்திருந்தது. "இந்தக் கைதான் இதுக்கு வேணும்" என்று ஒருநாள் இவர் மெஷினை என்னிடம் கொடுத்துவிட்டார். கையோடு பயத்தையும் சேர்த்துத்தான் சிஸ்டர்கள் கொடுத்தனுப்பினார்கள் என்பது அவருக்குத் தெரியாது. பெயின்டுக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு உண்டு, கிளியர் கோட் என்போம். தலைமுடி கனம்கூட இருக்காது. அதையே துளித்துளியாகத் தேய்த்துச் சமப்படுத்தித்தான் கீறலை எடுக்கிறோம். மெஷின் ஒரே இடத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டால் பூச்சு போச்சு. தூங்குகிற மகளின் மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறவள் நான். என்னிடம் இப்படி ஒரு வேலை.

இந்த வாரம் ஒரு கறுப்புக் காரால் மெஷினை ஒரேயடியாக மூட்டை கட்டி வைக்க இருந்தேன். தப்பித்துவிட்டேன். ஒன்றரை வயது மகள் ஆதிரா தூங்கிவிட்டாள். அதனால் எழுதுகிறேன். கார் வைத்திருப்பவர்களே, கார் துடைப்பவர்களே, நீங்களெல்லாம் என் கட்சி. உங்களுக்குப் புரியும்.

திருநீற்றுப் பட்டை

ஆரம்பத்தில் வந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார். வெள்ளிக்கிழமைதோறும் பண்பொழி மலைக்கோவிலுக்குப் போய்விட்டு வருவார். பானெட்டில் மூன்று பட்டை திருநீறு, நடுவில் சந்தனம். வண்டியின் மற்ற இடமெல்லாம் சுத்தம். பானெட்டில் மட்டும் டார்ச் அடித்தால் சிலந்தி வலை பின்னினது போலக் கீறல். காய்ந்த திருநீற்றை மறுநாள் வேட்டி நுனியால் அழுத்தித் துடைத்தால் வேறென்ன ஆகும்? அதில் ரோட்டுத் தூசியும் சேர்ந்திருக்கும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான்.

கீறலை எடுத்துக் கொடுத்தேன். "சார், இனிமேல் முதலில் தண்ணீர் ஊற்றுங்கள், அப்புறம் ஈரத்துணி" என்று சொன்னேன். அவர் என்னை வகுப்பில் பேசிய பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "ஏம்மா, சாமிக்கு வச்ச திருநீற தண்ணிய ஊத்தி தரையில ஓட விடச் சொல்லுதியா? கீறல் இருந்துட்டுப் போவுது!"

நகம் பார்த்தல்

கீறலின் மேல் குறுக்காக நகத்தை இழுத்துப் பார்ப்போம். நகம் வழுக்கிக்கொண்டு போனால் எடுத்துவிடலாம். மாட்டினால் கீறல் ஆழம், பாலிஷில் போகாது. சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்திருக்கிறது என்று போட்டோ எடுக்கப் போன ஒரு தம்பி, புதுக் காரை வரப்போரமாக இறக்கி, உடைமுள்ளில் ஒரு பக்கம் முழுக்க உரசிக்கொண்டு வந்தான். இரண்டு கதவிலும் நகம் மாட்டியது. முடியாது என்று சொன்னேன். அவன் அப்பாவுக்கு இன்னும் தெரியாதாம்.

கதவை ஒருமுறை தடவிப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "அக்கா, நீங்க நகத்த வெட்டிட்டு வந்து இன்னொருக்கா தடவிப் பாருங்களேன்."

கறுப்புக் கார்

இனி நம் கதை. வடகரையில் தென்னந்தோப்பும் வயலும் வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவரின் கார். வாங்கி இரண்டு வருடம் இருக்கும். அதுவரை எங்கள் கடைக்கு வந்ததில்லை. "வாட்டர் வாஷ் மட்டும் போதும்மா" என்று விட்டுவிட்டுப் போனார். கறுப்பு நிறம், கண்ணாடி போலக் கிடந்தது. தூசி மட்டும் என்னவோ ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றது. தண்ணீர் பட்டால் முத்து முத்தாக உருண்டு ஓடியது. நல்ல வாக்ஸ் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஷாம்பூவைக் கொஞ்சம் தாராளமாக விட்டு இரண்டு தரம் கழுவினேன். துடைத்துவிட்டு வெயிலுக்கு இறக்கினோம்.

பானெட், கூரை, கதவு, எங்கும் வட்டம் வட்டமாகக் கீறல். நான்தான் செய்துவிட்டேன்! கழுவுகிற கையுறையில் பொடிக்கல் ஏதோ மாட்டியிருந்திருக்கிறது, அதோடு வண்டி முழுக்கத் தேய்த்திருக்கிறேன். உடனே உதறிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அப்படியானால் கல் கீழே விழுந்திருக்கும். பயந்தவளுக்கு எதற்கும் காரணம் கிடைக்கும்.

அண்ணாச்சி வந்தார். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "காலைல கண்ணாடி கெணக்கா கெடந்த வண்டி. நாளைக்கி நான் வரும்போது அப்படியே இருக்கணும். இல்லன்னா ஊருக்குள்ள யாரும் இங்கன வரமாட்டான், பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. மெஷினைத் துடைத்து அலமாரிக்கு மேலே வைத்தார். பிறகு, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "கொஞ்ச நாளைக்கி நீ இதத் தொடாண்டாம் ஏட்டி. பிள்ளையப் பாரு, போதும்."

மகளின் கால்

அடுத்த நாள் சனிக்கிழமை, ஆதிராவுக்கு எண்ணெய்க் குளியல். நான் அழுதுகொண்டே எண்ணெய் தேய்த்தேன், அவள் சிரித்துக்கொண்டே தேய்க்கவிட்டாள். கொசு கடித்த இடத்தைச் சொறிந்து சொறிந்து அவள் காலெல்லாம் வெள்ளை வெள்ளையாக நகக்கோடு. எண்ணெய் பட்டதும் கோடெல்லாம் மறைந்து, கால் பளபளவென்று ஆனது. அட, ஆறிவிட்டது போல என்று மனசு லேசானது. பயற்றமாவு போட்டுக் கழுவித் துவட்டினேன். அத்தனை கோடும் திரும்ப வந்துவிட்டது.

துண்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒட்டிக்கொண்ட தூசி. முத்து முத்தாக உருண்ட தண்ணீர். இரண்டு தரம் ஷாம்பூ.

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, எண்ணெய்ப் பாட்டிலோடு கடைக்கு ஓடினேன். பானெட்டில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் தடவினேன். அந்த இடத்தில் மட்டும் கீறலைக் காணோம்! ஷாம்பூ போட்டுத் துடைத்தேன். வந்துவிட்டது. மறுபடியும் தடவினேன். மறைந்தது. மூன்றாம் முறை தடவும்போது இவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சாமி கும்பிடுகிறவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "இன்னொருக்கா காட்டு ஏட்டி."

இசக்கி அண்ணன்

பதினொரு மணிக்கு அண்ணாச்சி வந்தார். கூடவே டிரைவர் இசக்கி அண்ணனும் வந்தார். நாலு பேர் முன்னால் பேசினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எண்ணெயைத் தடவிக் காட்டினேன், துடைத்துக் காட்டினேன். அண்ணாச்சி குனிந்து பானெட்டைப் பார்த்தார், நிமிர்ந்து டிரைவரைப் பார்த்தார். டிரைவர் தரையைப் பார்த்தார்.

"ஏலே இசக்கி, வண்டிக்கு என்னத்தலே போட்ட?"

விஷயம் இதுதான். குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால் அண்ணாச்சி வீட்டுக்கு விருந்தாளி வராத வாரம் கிடையாது. எல்லோரையும் அருவிக்குக் கூட்டிக்கொண்டு போவது இசக்கி அண்ணன் வேலை. அவர்கள் எண்ணெய் தேய்த்துவிட்டுக் குளிக்கப் போவார்கள். பாட்டிலில் மீந்த எண்ணெயை வீணாக்குவானேன் என்று இசக்கி அண்ணன் பழைய துண்டில் நனைத்து, பார்க்கிங்கில் நிற்கிற காரைத் துடைப்பாராம், தூசியோடு சேர்த்து! துண்டால் விழுகிற கீறலை எண்ணெய் மூடும், எண்ணெயில் தூசி ஒட்டும், மறுபடியும் துடைப்பார். இரண்டு சீசனாக இந்தக் கைங்கரியம். எண்ணெயைக் கழுவிய பாவம் மட்டும்தான் என்னுடையது.

அண்ணாச்சி கேட்டதற்கு இசக்கி அண்ணன் ரொம்ப மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: "மொதலாளி, அம்புட்டுப் பேரும் மினுமினுன்னு வந்து ஏறுதாவ. வண்டி மட்டும் வறண்டுபோய் நிக்கலாமா?"

நாலு நடை

கீறலில் நகத்தை இழுத்தேன். எங்கும் மாட்டவில்லை. இவர் அலமாரிக்கு மேலிருந்த மெஷினை எடுத்து, என் கையில் தந்துவிட்டு ஆதிராவை வாங்கிக்கொண்டார். ஓரங்களில் டேப் ஒட்டினேன், அங்கேதான் பூச்சு இன்னும் மெலிசு. மெஷின் முகப்பில் இருக்கிற ஸ்பாஞ்சு பேடில் நாலு சொட்டு பாலிஷ். அண்ணாச்சி ஸ்டூலை இழுத்துப் போட்டு இரண்டடி தள்ளி உட்கார்ந்துவிட்டார். மெஷினைப் பானெட் முழுக்க ஒருமுறை ஓட்டி எடுத்தால் ஒரு நடை; முதல் நடையில் ஒன்றும் மாறவில்லை. இரண்டாவதில் கீறல் வலை மங்கியது. நாலாவது நடை முடித்து, ஸ்பிரிட் போட்டு, ஒட்டியிருந்த பாலிஷ் எண்ணெயெல்லாம் போகத் துடைத்துவிட்டு டார்ச்சை அடித்தேன். வெளிச்சம் ஒரே பொட்டாக நின்றது, சுற்றிலும் ஒரு கோடு இல்லை.

மற்ற இடமெல்லாம் முடிய மறுநாள் சாயங்காலம் ஆனது. வண்டியை வெயிலுக்கு இறக்கினோம். மேற்கிலிருந்து சாரலும் கூடவே வந்தது. அண்ணாச்சி சுற்றி நடந்தார். குனிந்தார், தடவினார், விரலை மோந்து பார்த்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் பயந்திருப்பேன். கதவைத் திறக்கப் போனவர் நின்று, ஜன்னலில் இருந்த எங்கள் வீட்டு எண்ணெய்ப் பாட்டிலைக் காட்டினார்: "ஏம்மா, அத மொதல்ல உள்ள கொண்டுபோயி வையி. இவன் கண்ணுல பட்டுரப் போவுது. அடுத்த மாசமும் வண்டி ஒன்கிட்டதான் வரும்."

ஆகக் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொள்ள வேண்டியது மனிதர்கள் மட்டும்தான் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு கான்வென்ட் படிப்பும், கொசு கடித்த ஒரு மகளும், ஒரு நாள் முழுக்க அழுகையும் தேவைப்பட்டன.