கொசுவம் குறைந்த வருஷம்

புடவையைக் கையில் விரித்துக் காட்டினால் மட்டும் எங்கள் கடையில் வியாபாரம் ஆகாது. கட்டிக் காட்ட வேண்டும். யூனிஃபார்ம் புடவைக்கு மேலேயே இடுப்பில் ஒரு எலாஸ்டிக் பெல்ட். அதில் புதுப் புடவையைச் செருகி, கொசுவம் மடித்து, முந்தானைக்கு ஊசி குத்தி, செருப்பில்லாமல் கண்ணாடி முன் நின்று சிரிக்க வேண்டும். தி.நகரில் பட்டுப் பிரிவில் எட்டு வருஷமாக இதுதான் என் வேலை. சேர்ந்த புதிதில் எனக்கு ஏழு கொசுவம் வரும். உடம்பு போட்டுப்போய், போன வருஷம் நாலுதான் வந்தது.

பயம் அங்கேதான் ஆரம்பித்தது. கட்டிக் காட்ட லாயக்கில்லை என்று சூப்பர்வைசருக்குத் தோன்றிவிட்டால் கீழே குடோனுக்கு அனுப்பிவிடுவார். அங்கே போனவர்கள் யாரும் மேலே திரும்பி வந்ததில்லை. பண்டல் தூக்க முடியாமல் ரெண்டு மாசத்தில் தாங்களாகவே நின்றுவிடுவார்கள். கடைக்கும் அதுதான் வசதி. என் வீட்டில் நானும் பிளஸ் டூ படிக்கும் மகளும்தான், சம்பாதிப்பது நான் ஒருத்தி.

நான் ஒன்றும் கறியும் பிரியாணியுமாகத் தின்று பெருக்கவில்லை. சைதாப்பேட்டை ஆற்றோரம் இருந்தவரை வேலைக்கு நடந்தே வந்து நடந்தே போனேன். குடிசைகளை இடித்து, கவர்மெண்டு எங்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்ப் போட்ட பிறகு போக வர மூணு மணி நேரம் பஸ். கடையில் சாப்பாட்டுக்குக் கால் மணி. மெஸ்ஸில் சோறு எவ்வளவு வேண்டுமானாலும் போடுவார்கள், காய் மட்டும் கண்ணில் படாது. அடுத்த பேட்ச் முதுகுக்குப் பின்னால் நிற்கும்போது யாரால் மென்று தின்ன முடியும்? பாத்ரூம் அஞ்சாவது மாடியில் என்பதால் தண்ணீர் குடிப்பதில்லை. கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்களுக்குக் கடை கூல்டிரிங்க்ஸ் தரும். அவர்கள் தொடாமல் வைத்துவிட்டுப் போவதை மறைவாக ஒரே மடக்கில் குடித்துவிடுவோம். வீடு சேரும்போது அகோரப் பசி. தின்றதும் படுக்கைதான்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துக்கு நடுவே ஒருநாள் கண் இருட்டியது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுகர் ஏகத்துக்கு ஏறியிருந்தது. டாக்டரம்மா என் பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது என்னம்மா?” என்றார். குதிகாலில் ஒரு குண்டூசி ஏறி ஒடிந்திருந்தது. முந்தானைக்குக் குத்துகிற ஊசி. எத்தனை நாளாக இருந்ததோ, எனக்கு வலிக்கவே இல்லை.

“வலிக்கலன்னாதான் பயப்படணும். சுகர்ல கால் மரத்துப்போயிருக்கு. பத்து கிலோ குறைச்சே ஆகணும். இப்படியே விட்டா கால் போயிடும்.”

காலில்லாமல் எந்தக் கடையில் நிற்பேன்? மகளிடம்கூடச் சொல்லவில்லை. சோற்றைப் பாதியாக்கினேன், கூல்டிரிங்க்ஸ் பக்கமே போகவில்லை. மூணு கிலோ இறங்கியது. கொசுவம் ஐந்தானது. கண்ணாடியில் அதை எண்ணியபோது அழுகை வந்துவிட்டது.

தீபாவளிக்கு முந்தின வாரம் கோபாலபுரத்திலிருந்து ஒரு மாமி வந்தார். என் உடம்புதான் அவருக்கும். ஒல்லிப் பெண் ஒருத்தி கட்டிக் காட்டியதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “அவளுக்கு எதைக் கட்டினாலும் நன்னாத்தான் இருக்கும். நீ கட்டிக்கோம்மா, நம்ம உடம்புக்கு எப்படி இருக்குன்னு பாக்கறேன்” என்று என்னைக் கூப்பிட்டார். ஆறு புடவை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் முதல், உடம்பு போட்ட வாடிக்கையாளர்களுக்கென்றே என்னைத் தனியாக நிறுத்தினார்கள். குடோன் பயம் விட்டது என்று நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அந்த நிம்மதி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. தென்காசிப் பக்கத்துக்காரரான சூப்பர்வைசர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“என்னக்கா, மெலிஞ்ச மாதிரி இருக்கு?”

“இல்ல சார், ஜாக்கெட்தான் லூசா கீது.”

“ஒடம்பக் குறைச்சிராதீங்க. ஒங்கள வச்சுத்தான் இந்த கவுண்டரே ஓடுது. மெலிஞ்சிட்டா பொறவு குடோன்லதான் எடம் இருக்கு” என்று சிரித்தார். விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா, தெரியவில்லை. நானும் சிரித்து வைத்தேன்.

மத்தியானம் மெஸ்ஸில் பரிமாறுகிறவர் ரெண்டாவது கரண்டிச் சோற்றோடு என் எதிரே நின்றார். பின்னால் அடுத்த பேட்ச் காத்திருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, தட்டை நீட்டினேன். மேஜைக்கு அடியில் குதிகாலைத் தரையில் அழுத்திப் பார்த்தேன். ஊசி எடுத்த இடம் இன்னமும் வலிக்கவில்லை.